மூன்று மிதி

கோவில்பட்டி
6.7.2025

தம்பி இசக்கிபாண்டிக்கு,

அய்யாத்துரை எழுதுவது. உன் அக்கா முத்துசெல்வி வீட்டுக்கு நாலு தடவை நடந்து இந்த விலாசத்தை வாங்கினேன். முதல் மூன்று தடவையும் "யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்கான் அண்ணாச்சி" என்று வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டாள். உப்பளத்தில் வேலை பார்க்கிறாய், போன் வைத்துக்கொள்வதில்லை என்றாள். ஏலே, ஆடு மேய்க்கிறவன் கழுத்தில்கூடப் போன் தொங்குகிறது. உனக்கு மட்டும் என்ன வந்தது? கடித உறை வாங்கப் போஸ்ட் ஆபீஸில் போய் நின்றால், அங்கிருந்த பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்க்கிறது.

விஷயம் நம்ம பிக்கப் வண்டி. கேஸ் முடிகிறவரை விற்கக் கூடாது, உருவத்தை மாற்றக் கூடாது, கேட்கிற அன்றைக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்துத்தானே ஸ்டேஷனிலிருந்து எடுத்தேன். இரண்டரை வருஷம் ஆகிவிட்டது. விற்கவும் முடியாது, ஓட்டவும் மனசு வராது. சரக்கு அடுக்குகிற கிட்டங்கிக்குப் பின்னால் கிடக்கிறது. இப்போது அக்டோபர் 14ஆம் தேதி வாய்தா. அன்றைக்கு வண்டியும் வர வேண்டும் என்கிறார் வக்கீல்.

போன ஐப்பசி மழையில் கரிசல் ஊறி, பின்சக்கரம் இரண்டும் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போய்விட்டது. டிராக்டர் கட்டி இழுத்தோம். இப்போது சாவியைத் திருப்பினால் சுற்றுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. எலி வேறு வயரைக் கடித்து வைத்திருக்கிறது. மெக்கானிக் சுடலைக்குமாரைக் கூப்பிட்டால், "அதுல ஒரு தடவ கை வச்சி, மறு வாரமே பைக்குல விழுந்து கை ஒடிஞ்சது போதும் அண்ணாச்சி, ஆள விடுங்க" என்கிறான். டிரைவர் யாரும் கிட்டத்தில் வருவதில்லை. அந்தப் பெண் இறந்ததிலிருந்து அதற்குப் பேரே கேஸ் வண்டி.

பதிமூன்று வருஷம் நீ ஓட்டிய வண்டி. அதன் குணம் உனக்குத்தான் தெரியும். என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுது. வேறு ஒன்றும் இல்லை. வெயிலில் ரொம்ப நிற்காதே.

அய்யாத்துரை


குளத்தூர்
15.7.2025

அண்ணாச்சிக்கு,

இங்கே டீக்கடை வேலுத்தாய் அக்கா உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கழித்துத்தான் தந்தது. சீனி டப்பாவுக்கு அடியில் வைத்து மறந்துவிட்டதாம்.

"அந்தப் பெண்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் பேர் மாரிசெல்வி. முப்பத்துநாலு வயது. தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போக, கம்பெனி வேனுக்குக் காத்து நின்றவள். நான் ஓட்டி வந்த வண்டி அடித்துச் செத்தாள். பேரைச் சொல்லாமல் நாம் இரண்டு பேரும் இதைப் பேச வேண்டாம்.

வண்டிக்கு வருகிறேன். நின்ற வண்டியில் டீசலுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். டீசல் பில்டருக்கு அடியில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் தளர்த்தி ஒரு டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் அடியில் தங்கும், டீசல் மேலே நிற்கும். தண்ணீர் வருகிறவரை விட்டுக்கொண்டே இருங்கள். பிறகு பில்டர் தலையில் கட்டைவிரலால் அமுக்குகிற பம்ப் ஒன்று உண்டு. பக்கத்து ஸ்குரூவைக் கொஞ்சம் திறந்துவிட்டு அமுக்குங்கள். முதலில் நுரையாக வரும், அது காற்று. நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் இறுக்கிவிடுங்கள். சாவியைப் பாதி திருப்பி, மஞ்சள் விளக்கு அணைகிறவரை பொறுத்து, அப்புறம் முழுக்கத் திருப்புங்கள். உங்களுக்குப் பொறுமை கிடையாது. இதில் மட்டும் பொறுங்கள்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தே போட்டிருப்பீர்கள். அப்படி நின்றால் பிரேக் கட்டை டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். டிரம்மைச் சுற்றி மரச்சுத்தியலால் தட்டுங்கள். இனிமேல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்தால் மட்டும் பற்றாது, நாலு கிலோமீட்டராவது ஓட வேண்டும். நிற்கும்போது பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள்.

கடைசியாக, பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பாருங்கள். இடது பின்சக்கரத்தில் கசிந்ததே, அது இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

14ஆம் தேதி குற்றத்தை ஒத்துக்கொள்ளப் போகிறேன். வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

இசக்கிபாண்டி


கோவில்பட்டி
2.8.2025

தம்பி இசக்கிக்கு,

வண்டி எழுந்துவிட்டது. முதல் டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர்! பம்பை அமுக்கி அமுக்கிக் கட்டைவிரல் வீங்கிவிட்டது. மஞ்சள் விளக்கு அணைகிறவரை பொறுத்தேன், நீ என்னமோ எழுதியிருந்தாயே. மூன்றாவது தடவையில் பிடித்தது. வெள்ளைப் புகை கிளம்பியது பார், பக்கத்துக் கிட்டங்கியில் மிளகாய் வத்தல் தீப்பிடித்துவிட்டது என்று ரெண்டு பேர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

உன் மதினி பத்திரகாளி சத்தம் கேட்டு வந்தவள், தலையில் அடித்துக்கொண்டாள். "அது பாட்டுக்குச் செவனேன்னு கெடக்கு. அதப் போயி எதுக்கு உசுப்புதீங்க?" என்றாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு போட்டது மருமகள்தான்.

நாலு சக்கரத்தையும் தட்டினேன். வலது பின்சக்கரம் மட்டும் அரை நாள் அடம்பிடித்து, பிறகு விட்டுக்கொடுத்தது. ஓட்டுவதற்கு ஆள் கிடைக்காததால் நானே ஓட்டுகிறேன். சிரிக்காதே. லைசென்ஸ் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இடைசெவலுக்கு ரோடு பிரிகிற விலக்கு வரை போய்த் திரும்புகிறேன். அதற்கு அந்தப் பக்கம் போவதில்லை.

ஒத்துக்கொள்கிறேன், அது இது என்று எழுதியிருக்கிறாய். உனக்குக் கிறுக்கா பிடித்திருக்கிறது? வக்கீல் வாதாடிப் பார்க்கலாம் என்கிறார். இருட்டு நேரம், அவள் வேன் வருகிறதா என்று பார்க்க ரோட்டில் ஏறி நின்றாள், இப்படிச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. நீயே போய்த் தலையைக் கொடுக்காதே. உனக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் நிம்மதியாக இருப்பேன் என்று நினைக்கிறாயா? சத்தியமாக இருக்க மாட்டேன்.

கல் முட்டுக் கொடுத்துத்தான் நிறுத்துகிறேன்.

அய்யாத்துரை


குளத்தூர்
11.8.2025

அண்ணாச்சிக்கு,

ரோட்டில் ஏறி நின்றாள் என்று வக்கீல் சொன்னால் நான் எழுந்து இல்லை என்பேன். அவள் ஓரத்தில்தான் நின்றாள். தூக்குச்சட்டியைக் கையில் வைத்திருந்தாள். விளக்கு வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தாள்.

போன் ஏன் வைத்துக்கொள்வதில்லை என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி? அப்போது என் காதில் போன் இருந்தது. அந்தப் பக்கம் இருந்தது நீங்கள். "எங்கலே வார, லோடுமேன் வந்து நிக்கான்" என்று கேட்டீர்கள். பாதியில் நான் பேச்சை நிறுத்தினேன். அதற்கப்புறம் கேட்ட சத்தத்தை நீங்களும் கேட்டீர்கள். நாம் இரண்டு பேரும் இதுவரை அதைப் பேசவில்லை. போலீசிடம் நான் சொல்லவில்லை. நீங்கள் கூப்பிட்டது தப்பு என்று நான் எந்த நாளும் நினைத்ததில்லை. எடுத்தது நான்.

இன்னொன்றும் இருக்கிறது. விபத்து நடந்த வருஷம் தை மாதமே பிரேக் ஆயில் குறைகிறது என்று உங்களிடம் ரெண்டு தடவை சொன்னேன். "உளுந்து லோடு முடியட்டும், பார்த்துக்கிடலாம்" என்றீர்கள். நானும் சரி என்றேன். ஒரு மிதிக்குப் பிடிக்காது, மூன்று மிதி மிதித்தால் பிடிக்கும் என்று பழகிக்கொண்டேன். அன்றைக்கு மூன்று மிதிக்கு நேரமில்லை. முதல் மிதியில் பெடல் பலகை வரை போன மாதிரிதான் என் காலுக்குத் தோன்றியது.

ஆனால் மறுநாள் வண்டியைச் சோதித்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர், பிரேக் நன்றாக இருக்கிறது, கோளாறு இல்லை என்று எழுதிவிட்டார். அவர் படித்தவர், ஓட்டிப் பார்த்து எழுதுகிறார். அப்படியானால் நான் மிதிக்கவே இல்லை என்றுதானே அர்த்தம்? பயத்தில் கிளட்சை மிதித்தேனோ, கால் பிந்திவிட்டதோ. இரண்டரை வருஷமாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பாத்தியில் உப்பு வாரும்போது என் வலது கால் தன்னால் தரையை அமுக்குகிறது. கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்கிறார்கள். இந்தக் காலை நம்பி இனிமேல் நான் எந்த வண்டியிலும் ஏறி உட்கார மாட்டேன்.

அதனால்தான் ஒத்துக்கொள்ளப் போகிறேன். ஆயில் டப்பாவைப் பற்றிக் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை.

இசக்கிபாண்டி


கோவில்பட்டி
20.8.2025

தம்பிக்கு,

ஆயில் சரியாக இருக்கிறது. கசிவு எதுவும் இல்லை. அதைப் பற்றி மனசைப் போட்டு உழப்பாதே. பேட்டரி புதிதாக மாற்றினேன். போன வெள்ளி மழைத் தூறலில் வைப்பர் ஓடவில்லை, அதையும் பார்க்க வேண்டும்.

அய்யாத்துரை


கோவில்பட்டி
14.9.2025

இசக்கி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. நீ பதில் எழுதும்படி நானும் ஒன்றும் எழுதவில்லை. போன கடிதத்துக்குப் பிறகு ஐந்து தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது ஒட்டிப் பெட்டியில் போட வேண்டும்.

உன் கால் பிந்தவில்லை. நீ மிதித்தாய். பிரேக்தான் பிடிக்கவில்லை. இது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்குப் போனேன். நீ உள்ளே உட்கார்ந்திருந்தாய், நான் வந்ததை நீ பார்க்கவில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் மத்தியானம் வந்து வண்டியைப் பார்ப்பார் என்றார்கள். நான் கையோடு ஒரு பூசணிக்காயும் எலுமிச்சம்பழமும் கொண்டுபோயிருந்தேன். "வண்டி காவு வாங்கிட்டுய்யா. ஒரு கழிப்புக் கழிச்சிக்கிடுதேன்" என்று ஏட்டய்யாவிடம் கேட்டேன். அடித்த வண்டிக்கு நம் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதானே. அவரும் "வெரசா முடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம் வைத்தேன். சூடம் ஏற்றினேன். என்ஜினுக்குப் பொட்டு வைக்கிற மாதிரி பானட்டைத் தூக்கிக்கொண்டு நின்று, பிரேக் ஆயில் டப்பா மூடியைத் திருகினேன். அடியில் கறுப்பாக ஒரு சொட்டு கிடந்தது. மஞ்சப்பையில் பூவுக்கு அடியில் புது பாட்டில் வைத்திருந்தேன். அதை முழுக்க ஊற்றினேன். பிறகு ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தேன். இறுகுகிறவரை மிதித்தேன். கீழே சூடம் எரிந்துகொண்டிருந்தது. பார்த்தவர்களுக்கு நான் சாமி கும்பிடுகிற ஆள்.

மத்தியானம் அவர் ஓட்டிப் பார்த்தபோது பிரேக் பிடித்தது. கோளாறு இல்லை என்று எழுதினார். நான் செய்தது அவருக்கு எப்படித் தெரியும்?

வண்டிமேல் குற்றம் என்று வந்தால் என்மேல் வரும் என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். வேறு நல்ல காரணம் ஏதாவது இருக்கிறதா என்று இரண்டரை வருஷமாகத் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

வண்டியை வெளியே எடுத்த வாரமே சுடலைக்குமாரைக் கூப்பிட்டு அந்தச் சக்கரத்தில் கசிந்த பிரேக் சிலிண்டரை மாற்றினேன். நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மாற்றிவிட்டான். அந்த ஒரு டீ நேரத்தைத்தான் தை மாதம் உனக்குத் தராமல் லோடு லோடு என்று பறந்தேன். நான் பாவி இசக்கி. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லு. பதில் மட்டும் எழுதாமல் இருக்காதே.

அய்யாத்துரை


குளத்தூர்
22.9.2025

அய்யாத்துரை அண்ணாச்சிக்கு,

கடிதத்தை வாங்கி டீக்கடையிலேயே பிரித்தேன். படித்துவிட்டு என்ன செய்தேன் என்று நினைவில்லை. "என்னலே ஆச்சு, வீட்ல யாரும் போயிட்டாங்களா?" என்று வேலுத்தாய் அக்கா தோளைப் பிடித்து உலுக்கியது.

நீங்கள் நன்றாக இருப்பீர்களா? இந்தக் காலை வெட்டிப் போட்டுவிடலாமா என்று நான் நினைத்த நாள் உண்டு. என் பிள்ளையை சைக்கிளில் வைத்து மிதிக்கக்கூடப் பயந்தேன். என் வீட்டுக்காரி எத்தனை தடவை கேட்டிருப்பாள், "நெசமாவே மிதிச்சியளா, நல்லா நெனச்சுப் பாருங்க" என்று. தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன். எனக்கு நினைவு நன்றாகத்தான் இருந்திருக்கிறது. அதை என்னிடமிருந்து நீங்கள் பிடுங்கிக்கொண்டீர்கள். அதுவும் சூடம் ஏற்றி.

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. பிரேக் இல்லாத வண்டி என்று தெரிந்தே ஓட்டினேன். ஓட்டிக்கொண்டே போன் பேசினேன். ரெண்டையும் கோர்ட்டில் சொல்வேன். யார் சொன்னாலும் அதை விட மாட்டேன். ஆனால் உங்களுடையதை உங்களுக்காக நான் சொல்ல முடியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லு என்று எழுதியிருக்கிறீர்கள். நான் திட்டிவிட்டால் உங்களுக்கு லேசாகிவிடும். அதைச் செய்ய எனக்கு இஷ்டமில்லை. இதைக் கேட்க வேண்டிய ஆள் நான் மட்டுமில்லை. மாரிசெல்வி புருஷன் காமராஜ் அண்ணன் விபத்து நடந்த அதே ஊரில்தான் இருக்கிறார், அந்த வேன் நிற்கிற இடத்திலிருந்து மூன்றாவது தெரு. இடைசெவல் விலக்கோடு வண்டியைத் திருப்பிக்கொள்கிறேன் என்று எழுதினீர்களே, திருப்பாமல் போங்கள்.

இனிமேல் எனக்குக் கடிதம் வேண்டாம் என்று எழுத நினைத்தேன். போய் வந்த பிறகு ஒன்று எழுதுங்கள்.

இசக்கிபாண்டி


கோவில்பட்டி
5.10.2025

இசக்கிக்கு,

வக்கீலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "உங்க தலையில நீங்களே மண்ண அள்ளிப் போடுதீங்களே" என்று கத்தினார். வேறு வக்கீல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டார். 14ஆம் தேதி வக்கீல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோர்ட்டில் நான் சொல்லப் போகிறேன். எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன், நடுவில் மனசு மாறிவிடக் கூடாது என்று அதை உன் மதினியிடம் கொடுத்துவிட்டேன். அவள் முழுக்கப் படித்தாள். மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

புதன்கிழமை ஆயுத பூஜை. கடைத்தெருவில் எல்லா வண்டிக்கும் மாலையும் வாழைக்கன்றும் கட்டியிருந்தார்கள். நான் நம்ம வண்டியைக் கழுவினேன். பொட்டு வைக்கக் கை வரவில்லை. வியாழக்கிழமை காலையில் கிளம்பினேன்.

இடைசெவல் விலக்கைத் தாண்டியதும் கியரைக் குறைத்தேன். வேன் நிற்கிற இடத்தில் ரெண்டு பெண்கள் நின்றார்கள். மாட்டுவண்டி மாதிரி உருட்டிக்கொண்டு போனேன். மூன்றாவது தெருவில் திரும்பியதுமே வண்டிச் சத்தம் கேட்டுக் காமராஜ் வெளியே வந்துவிட்டார். வண்டியைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"இந்த வண்டியிலயா வந்திருக்கிய?" என்றார்.

"ஆமா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

மகள் வாசலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். தை மாதம் நீ சொன்னது, நான் தள்ளிப்போட்டது, போன், பூசணிக்காய், பாட்டில், எல்லாம். நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காத மாதிரி வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த டிரைவர் பயல ஆஸ்பத்திரியில வச்சி அடிச்சேன் அண்ணாச்சி. கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே அடி வாங்குனான். பல்லு உடஞ்சி ரத்தம் வருது, ஒரு வார்த்த பேசல. நீங்களும் அங்கனதான நின்னிய?" என்றார்.

நின்றேன் இசக்கி. தடுக்கக்கூட வரவில்லை. நின்றேன் என்று சொன்னேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நேராகப் போய் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கீழே குனிந்து பார்த்து, "இதுல எது பிரேக்கு?" என்று கேட்டார். நடுவில் இருப்பது என்றேன். வலது காலை அதில் வைத்து ஒரே ஒரு மிதி மிதித்தார். பாதிக்கு மேல் போகாமல் கல் மாதிரி நின்றது. காலை எடுக்காமல் அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப நல்லாப் பிடிக்கே அண்ணாச்சி" என்றார்.

அய்யாத்துரை